பியூரிட்டன்கள் ஏன் இவ்ளோ எழுதினாங்க? ஆரம்பகால அமெரிக்க இலக்கியம் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

இங்கிலீஷ் லிட்ரேச்சர் எடுத்தவங்களுக்கு அமெரிக்கன் லிட்ரேச்சர் பேப்பர்ல முதல்ல வர்றதே இவங்கதான். பாவம், நரகம், பிரசங்கம்னு பாத்த உடனே பாதி பேர் நோட்ஸ மனப்பாடம் பண்ணிட்டு அடுத்த யூனிட்டுக்கு போயிடுறாங்க, எனக்கு அதுல உண்மையாவே வருத்தம், ஏன்னா உக்காந்து படிச்சா உள்ள அவ்ளோ தவிப்பு இருக்கு. ஜூனியர் பசங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்கள இங்க ஒண்ணா போட்டு எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

பியூரிட்டன்னா யாரு? மேஃப்ளவர் கப்பல்ல வந்தவங்கதானே?

அவங்க மட்டும் இல்ல. 1534ல எட்டாம் ஹென்றி போப்போட உறவை வெட்டிட்டு இங்கிலாந்து சர்ச்சுக்கு நானே தலைவன்னு சொல்லிட்டார் இல்லையா, தலை மாறுச்சே தவிர பழைய வழக்கம் நெறைய அப்படியே இருந்துச்சு, பாதிரியாரோட அங்கி, பிஷப்புங்க, சிலுவை அடையாளம் போடுறது, இதெல்லாம். இது பைபிள்ல எங்க இருக்கு, இல்லாதத எல்லாம் எடுத்து சபைய சுத்தம் பண்ணுங்கன்னு கேட்டவங்களுக்கு எதிரிங்க கேலியா வச்ச பேருதான் பியூரிட்டன், அதாவது சுத்தம் சுத்தம்னு பேசுறவன்.

இதுல ரெண்டு கூட்டம் உண்டு, பரீட்சைல எல்லாரும் குழப்புற இடம் இதான். இந்த சர்ச் இனிமே தேறாது, வெளிய போயிடலாம்னு பிரிஞ்சவங்க முதல்ல ஹாலந்துல லெய்டன் ஊருக்கு போய், அங்கேருந்து கொஞ்ச பேர் கிளம்பி 1620ல மேஃப்ளவர்ல வந்து ப்ளிமத்ல இறங்கினாங்க. கப்பல்ல 102 பயணிகள், ஆனா எல்லாரும் இந்தக் கூட்டம் இல்ல. இன்னொரு கூட்டம் நாங்க சர்ச்ச விட்டு போகல, உள்ள இருந்தே திருத்துவோம்னு சொன்னவங்க, அவங்க 1630ல ஜான் வின்த்ராப் தலைமைல பெரிய கப்பல் கூட்டமா வந்து பாஸ்டன் பக்கம் குடியேறினாங்க. பணம், படிப்பு, ஆள்பலம் எல்லாம் இந்த ரெண்டாவது கூட்டத்துக்குதான் ஜாஸ்தி, புத்தகமும் பெரும்பாலும் இவங்க பக்கம் இருந்துதான் வந்துச்சு.

யார் ரட்சிக்கப்படணும்னு கடவுள் முன்னாடியே முடிவு பண்ணிட்டாருன்னா, அப்புறம் எதுக்கு ஒழுக்கமா இருக்கணும்?

எல்லாரும் கேக்குற கேள்வி இது, இதுக்குள்ளதான் மொத்த இலக்கியத்துக்கும் சாவி இருக்குன்னு நான் நம்புறேன்.

சபைய சீர்திருத்தின ஜான் கால்வின்ங்கிற போதகர் வழில வந்த அவங்க நம்பிக்கை இப்படி: ஆதாம் பண்ண பாவத்தால மனுஷன் மொத்தமா கெட்டுப்போயிட்டான், அவனால தன்ன தானே காப்பாத்திக்க முடியாது. கடவுள் தன் கிருபையால சிலர மட்டும் முன்குறிச்சிருக்கார், அது உலகம் உண்டாகுறதுக்கு முன்னாடியே முடிவானது, நீ தர்மம் பண்ணியோ ஜெபம் பண்ணியோ அத மாத்த முடியாது. சரி, அந்த லிஸ்ட்ல நான் இருக்கேனா? அதான் உறுதியா தெரியாது. ஆனா அடையாளம் பாக்கலாம். கிருபை கிடைச்சவன் மனசு மாறும், பாவத்த வெறுக்க ஆரம்பிப்பான், வேதத்து மேல ஆசை வரும்னு சொன்னாங்க. அதனால ஒழுக்கமா இருக்கிறது ரட்சிப்ப சம்பாதிக்கிறதுக்கு இல்ல, நமக்கு அது கிடைச்சிருக்கான்னு நம்மள நாமே பாத்துக்கறதுக்கு.

இப்ப யோசிங்க, ஒரு ஊர்ல இருக்கிற எல்லாரும் தினமும் ராத்திரி படுக்கும்போது இன்னிக்கு என் மனசுல வந்த அந்த நினைப்பு கிருபையா, இல்ல பிசாசு காட்டின ஏமாத்தா, நான் அழுதது பாவத்துக்காகவா தண்டனைக்கு பயந்தான்னு தன்ன தானே குடைஞ்சுகிட்டே இருந்தா என்ன ஆகும்? எழுதுவாங்க. டைரி எழுதுவாங்க, சுயசரிதை எழுதுவாங்க, கவிதை எழுதுவாங்க. எனக்கு கண்டிப்பா சொர்க்கம்தான்னு ஒருத்தன் ரொம்ப தைரியமா இருந்தா அதுவே தப்பான அடையாளம்னு நினைச்ச ஜனங்க அவங்க, அதனால அந்தக் குடைச்சல் முடியவே முடியாது.

இதுல ஊர் விவகாரமும் உண்டு. 1630கள்ல மாசசூசெட்ஸ்ல, அதாவது அந்த ரெண்டாவது கூட்டம் பாஸ்டன சுத்தி அமைச்ச காலனில, சபைல முழு உறுப்பினர் ஆகணும்னா எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு கடவுள் எப்படி என்ன தொட்டாருன்னு சொல்லணும், நம்ம ஊர் சர்ச்சுல சாட்சி சொல்றாங்களே கிட்டத்தட்ட அதுதான், ஆனா இங்க கேள்வி கேட்டு சோதிப்பாங்க. 1631லேருந்தே சபை உறுப்பினரா இருக்கிற ஆம்பளைக்குதான் காலனி தேர்தல்ல ஓட்டு. சாதாரண விவசாயி கூட தன் மனசோட கதைய ஆரம்பம், தடுமாற்றம், திருப்பம்னு ஒழுங்கா சொல்லக் கத்துக்க வேண்டியிருந்துச்சு. அமெரிக்காவுல தன் கதைய எழுதுற பழக்கம் இவ்ளோ ஆழமா வேர் விட்டதுக்கு இது ஒரு பெரிய காரணம்னு எனக்கு தோணுது.

நாடகம், கதை எல்லாம் வேண்டாம்னு சொன்னவங்ககிட்ட இலக்கியம் எங்கேருந்து வந்துச்சு?

நாடகத்த ஏத்துக்கவே இல்ல, கற்பனைக் கதைய பொய்னு சந்தேகப்பட்டாங்க, உண்மை. ஆனா படிப்பு மேல வெறி. ஒவ்வொருத்தனும் தானே பைபிள் படிக்கணும், நடுவுல ஆள் வேண்டாம்ங்கிறது அவங்க கொள்கை, அதனால வந்து 6 வருஷத்துலயே, 1636ல, ஹார்வர்ட தொடங்கிட்டாங்க. 1647ல ஒரு சட்டம், 50 வீடு இருக்கிற ஊர்ல எழுதப் படிக்க சொல்லித்தர வாத்தியார் வைக்கணும், 100 வீடு இருந்தா லத்தீன் இலக்கணப் பள்ளியே வைக்கணும்னு.

நடை எப்படின்னா எளிய நடை. அலங்காரம் கண்ணாடி ஜன்னல்ல வரைஞ்ச ஓவியம் மாதிரி, அழகா இருக்கும் ஆனா வெளிச்சத்த மறைக்கும்னு அவங்க எண்ணம். பிரசங்கம்னா முதல்ல ஒரு வசனம், அதுல இருக்கிற போதனை, அதுக்கு காரணங்கள், கடைசில இத வச்சு நீ வீட்டுக்குப் போய் என்ன பண்ணணும், இந்த வரிசைதான். உதாரணம் எல்லாம் சமையல், தறி, வயல், கப்பல்னு கேக்குறவன் கைல இருக்கிற பொருள்லேருந்து வரும்.

இங்கிலாந்தோட அமெரிக்க காலனிகள்ல அச்சான முதல் புத்தகமே சங்கீதப் புத்தகம்தான், பே சாம் புக்னு சொல்லுவாங்க, 1640ல பாஸ்டன் பக்கத்துல இருக்கிற கேம்பிரிட்ஜ்ல அடிச்சது. பாட்டு கொஞ்சம் கரடுமுரடாதான் இருக்கும், அதுக்கு முன்னுரைலயே கடவுளோட பலிபீடத்துக்கு நம்ம மெருகு தேவை இல்லன்னு நேரா சொல்லிட்டாங்க. அடிச்சது 1700 பிரதி, இன்னிக்கு மிச்சம் 11, அதுல ஒண்ணு 2013ல 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல ஏலம் போச்சு.

மக்கள் விரும்பி வாங்கினது எதுன்னா மைக்கேல் விகில்ஸ்வொர்த் எழுதின 'த டே ஆஃப் டூம்', 1662ல வந்தது, நியாயத்தீர்ப்பு நாள் பத்தி 224 பாட்டு, முதல் பதிப்பு 1800 பிரதி ஒரு வருஷத்துல தீர்ந்துபோச்சுன்னு சொல்றாங்க. பொறந்த உடனே செத்துப்போன குழந்தைங்க கடவுள்கிட்ட வாதாடுற இடம் ஒண்ணு வரும், கடைசில அவங்களுக்கு நரகத்துலயே கஷ்டம் குறைஞ்ச அறை குடுக்கிறார். கோட்பாட்ட விடவும் முடியல, மனசு கேக்கவும் இல்ல, அந்த இழுபறி அந்த ஒரு அறைல தெரியும்.

நாம 'மலைமேல் இருக்கிற பட்டணம்'னு வின்த்ராப் பேசின பேச்சு, அது பெருமை பேசினது தானே?

அரசியல்வாதிங்க அப்படி ஆக்கிட்டாங்க, கென்னடி 1961ல சொன்னார், ரீகன் 'ஒளிவீசுற'ன்னு ஒரு வார்த்தைய சேத்துகிட்டார். வின்த்ராப் 1630ல சொன்னது எச்சரிக்கை. மத்தேயு 5:14 வசனத்த எடுத்துகிட்டு, எல்லார் கண்ணும் நம்ம மேல இருக்கு, கடவுளோட பண்ண உடன்படிக்கைல நாம ஏமாத்தினா உலகம் முழுக்க நம்ம பேர் கெட்டுப்போகும்ங்கிறார். அந்தப் பேச்சோட பெரும்பகுதி ஒருத்தர் சுமைய ஒருத்தர் தாங்குறது, கடன் குடுக்கிறது, இல்லாதவனுக்கு மன்னிச்சு விடுறது பத்திதான். அச்சுக்கு வந்ததே 1838ல. இந்த உடன்படிக்கை எண்ணம்தான் அடுத்த தலைமுறைல புலம்பல் பிரசங்கமா மாறுச்சு, பஞ்சம் வந்தா, போர் வந்தா, நாம வாக்கு தவறிட்டோம் அதான்னு பிரசங்கியார் அழுவார்.

வில்லியம் பிராட்ஃபோர்ட் எழுதினது வரலாறு தானே, அத ஏன் இலக்கியமா படிக்கணும்?

ப்ளிமத்தோட கவர்னரா பல வருஷம் இருந்தவர், 1630லேருந்து சுமார் 20 வருஷம் 'ஆஃப் ப்ளிமத் ப்ளாண்டேஷன்' எழுதினார். கரை இறங்கின இடத்த படிங்க. வரவேற்க ஆள் இல்ல, தங்க சத்திரம் இல்ல, குளிர்காலம், முன்னாடி காடு, பின்னாடி கடல். அந்தக் குளிர்ல பாதி பேர் செத்துப்போனாங்க, அத எல்லாம் ஒரு கணக்குப்பிள்ளை மாதிரி நிதானமா எழுதுவார்.

ஆனா என்ன நிறுத்தினது அவர் எழுதாத விஷயம். 1620 டிசம்பர்ல கப்பல் இன்னும் கேப் காட்ல நங்கூரம் போட்டு நிக்கும்போது அவர் மனைவி டாரதி தண்ணில விழுந்து செத்துட்டாங்க, அப்ப அவர் கரைய ஆராய போயிருந்தார். மத்தவங்க சாவெல்லாம் வர்ற கதைல அந்த சாவு இல்ல. கடைசில சேத்த பயணிகள் பட்டியல்ல மட்டும், வந்து கொஞ்ச நாள்ல மனைவி இறந்துட்டா, அவர் மறுமணம் பண்ணிகிட்டார்னு யாரோ மூணாவது மனுஷன் பத்தி சொல்ற மாதிரி ஒரு வரி. எல்லாத்துலயும் கடவுள் கைய தேடிப் படிக்கிறவரு இத மட்டும் படிக்காம விட்டுட்டார்.

அந்தக் கையெழுத்துப்பிரதிக்கே ஒரு கதை உண்டு, அமெரிக்க விடுதலைப் போர் சமயத்துல பாஸ்டன்லேருந்து காணாம போய் லண்டன் பிஷப்போட லைப்ரரில கிடைச்சுது, 1856லதான் முழுசா அச்சாச்சு, 1897ல திரும்ப மாசசூசெட்ஸ் வந்துச்சு.

பொம்பளைங்க எழுத விட்டாங்களா?

ஆன் பிராட்ஸ்ட்ரீட். 18 வயசுல 1630ல வின்த்ராப்போட கப்பல்லயே வந்தவங்க, 8 குழந்தைங்க, அப்பாவும் வீட்டுக்காரரும் காலனில பெரிய பதவில இருந்தவங்க. அவங்க கவிதைங்கள மச்சினர் லண்டனுக்கு எடுத்துட்டு போய் 1650ல 'த டென்த் மியூஸ்'னு போட்டுட்டார், எனக்கு தெரியாமயே போட்டுட்டாங்கன்னு பின்னாடி அவங்களே ஒரு கவிதைல அந்தப் புத்தகத்த அழுக்கு மூஞ்சியோட ஊருக்கு முன்னாடி நிக்கிற புள்ள மாதிரி கூப்பிட்டு முகம் கழுவி விடுவாங்க. என் கைக்கு பேனாவ விட ஊசிதான் பொருத்தம்னு சொல்ற வாய்ங்க பத்தியும் எழுதியிருக்காங்க.

நான் எல்லாரையும் படிக்கச் சொல்றது 1666 ஜூலைல வீடு எரிஞ்சப்ப எழுதின கவிதை. ராத்திரி தீ தீன்னு கத்தல் கேட்டு எழுந்து வெளிய வந்து நின்னு பாக்குறாங்க. கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்னு யோபு சொன்னத சொல்றாங்க, அது அவருது, எனக்கு உரிமை இல்லன்னு சொல்றாங்க. பாடம் அங்கேயே முடிஞ்சிருக்கணும். முடியல. அப்புறம் அந்தப் பக்கம் நடந்து போகும்போதெல்லாம் கண்ணு அங்க போகுது, இங்கதான் அந்தப் பெட்டி இருந்துச்சு, அங்க அந்த அலமாரி, இனி உன் கூரைக்குக் கீழ விருந்தாளி உக்கார மாட்டாங்க, உன் மேசைல ஒரு வாய் சாப்பிட மாட்டாங்கன்னு வீட்டுகிட்டயே பேசுறாங்க. உடனே தன் மனச தானே அதட்டி, மேல உனக்கு ஒரு வீடு இருக்குன்னு சொல்லிக்கிறாங்க. கடைசில இந்த உலகத்த நான் இனி நேசிக்காம இருக்கணும்னு கேட்டுக்கிறாங்க. நேசம் போயிருந்தா அப்படி கேட்கவே வேண்டியது இல்லையே.

எல்லா பொம்பளைக்கும் இந்த இடம் கிடைக்கலங்கிறதையும் சொல்லணும். ஆன் ஹட்சின்சன் வீட்டுல கூட்டம் நடத்தி போதகருங்க பிரசங்கத்த விமர்சனம் பண்ணாங்க, 1637ல விசாரணை வச்சு காலனிய விட்டே துரத்திட்டாங்க. அவங்க எழுதின புத்தகம் ஒண்ணும் நம்மகிட்ட இல்ல, விசாரணைல அவங்க குடுத்த பதில்கள்தான் இருக்கு, ஒவ்வொண்ணும் கூர்மை.

அங்க ஏற்கனவே இருந்த பூர்வகுடி மக்கள் இந்த எழுத்துல எப்படி வர்றாங்க?

இது வலிக்கிற பகுதி, இத தாண்டி போனா நேர்மையா படிச்சதா ஆகாது. 1637ல மிஸ்டிக்ல பீக்வாட்ங்கிற பூர்வகுடி மக்களோட கிராமத்த, உள்ள ஆள் இருக்கும்போதே குடியேறினவங்க கொளுத்தினாங்க. பிராட்ஃபோர்ட் அந்த நாத்தம், நெருப்பு எல்லாத்தையும் பயங்கரம்னே எழுதிட்டு, ஆனா வெற்றி இனிமையான பலியா தெரிஞ்சுதுன்னு முடிக்கிறார். வனாந்தரம், கானான் தேசம், தேர்ந்தெடுக்கப்பட்ட ஜனம்னு பைபிள் கதைய தங்க மேல பொருத்தி பாத்தவங்களுக்கு எதிர்ல இருக்கிறவன் மனுஷனா தெரியாம போற ஆபத்து எவ்ளோ பெருசுன்னு அந்த ஒரு பக்கம் போதும்.

மேரி ரோலண்ட்சன் புத்தகம் இன்னும் சிக்கல். 1676 பிப்ரவரில, மெட்டகாம்ங்கிற பூர்வகுடித் தலைவர் தலைமைல நடந்த போர்ல, பூர்வகுடி வீரருங்க லான்காஸ்டர் ஊர தாக்கி அவங்கள பிடிச்சுட்டு போறாங்க. கைல இருந்த 6 வயசு மகள் சாரா குண்டு காயத்தோட 9 நாள்ல செத்துப்போறா. 11 வாரத்துக்கு மேல அவங்களோட நடந்து, 20 பவுண்டுக்கு மீட்கப்பட்டு, 1682ல புத்தகம் வந்துச்சு, அந்தக் காலத்துல பெரிய விற்பனை. எல்லாத்துக்கும் வசனம் சொல்லுவாங்க, கடவுள் என்ன சோதிக்கிறார்னு சொல்லுவாங்க, பிடிச்சவங்கள மிருகம்னு திட்டுவாங்க. அதே பக்கங்கள்ல ஒருத்தர் கொள்ளைல கிடைச்ச பைபிள கொண்டுவந்து குடுக்கிறார், மெட்டகாமோட பையனுக்கு சட்டை தைச்சு குடுத்து இவங்க ஒரு ஷில்லிங் வாங்குறாங்க, அவரே சாப்பிடக் கூப்பிடுறார். பசில ஒரு இங்கிலீஷ் குழந்தை கைல இருந்த குதிரைக் கால் துண்ட பிடுங்கி தின்னத கூட மறைக்கல, ருசியா இருந்துச்சுன்னு எழுதுறாங்க. முடிவுல வீட்டுக்கு வந்தாச்சு, ஆனா ஊரே தூங்கும்போது என் கண்ணு மட்டும் அழுதுட்டு இருக்குன்னு முடிக்கிறாங்க. வசனத்தால தூக்கத்த கொண்டுவர முடியல.

மெட்டகாம கொன்னு தலைய ப்ளிமத்ல கம்பத்துல வச்சாங்க, அவர் மகன அடிமையா வித்தாங்க. ரோலண்ட்சன் புத்தகத்துக்கு கேம்பிரிட்ஜ் அச்சகத்துல எழுத்து கோர்த்தவர் ஜேம்ஸ் பிரிண்டர்ங்கிற நிப்மக் இனத்தவர், அவரேதான் அதுக்கு முன்னாடி ஜான் எலியட் மாசசூசெட் மொழில மொழிபெயர்த்த பைபிளோட அச்சு வேலையும் பண்ணவர். 1663ல முழுசா வந்த அந்த பைபிள் அந்தக் காலனிகள்ல அச்சான முதல் பைபிள். ரோலண்ட்சன மீட்கிறதுக்கு போன கடிதங்கள்லயும் அவர் கை இருந்துச்சு.

சேலம் சூனிய விசாரணை பத்தி?

அமெரிக்க சேலம், 1692. சூனியம் வச்சாங்கன்னு சொல்லி 19 பேர தூக்குல போட்டாங்க, ஜைல்ஸ் கோரிங்கிற பெரியவர் மேல கல்ல அடுக்கி கொன்னாங்க, சிறைலயும் சிலர் செத்தாங்க. பாஸ்டன் போதகர் காட்டன் மேதர் விசாரணைய நியாயப்படுத்தி புத்தகம் எழுதினார். இத விட நான் படிக்கச் சொல்றது நீதிபதிகள்ல ஒருத்தரான சாமுவேல் சூவல் டைரிய. 1697ல அவர் சர்ச்சுல எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னார், அவர் எழுதிக் குடுத்த மன்னிப்ப போதகர் வாசிச்சார். அந்த நீதிபதிங்கள்ல ஊர் முன்னாடி அப்படி நின்னது இவர் ஒருத்தர்தான். 1700ல அடிமை வியாபாரம் பாவம்னு ஒரு சின்ன புத்தகமும் போட்டார். தன்ன தானே குடையுற அந்தப் பழக்கம் ஒரு மனுஷன எங்க கொண்டுபோக முடியும்ங்கிறதுக்கு அவர்தான் என் உதாரணம்.

கறுப்பு டிரஸ், சிரிப்பே கிடையாது, கிறிஸ்துமஸ் கூட கொண்டாட மாட்டாங்க, உண்மையா?

கிறிஸ்துமஸ் உண்மை, பைபிள்ல தேதி இல்லன்னு 1659ல மாசசூசெட்ஸ்ல கொண்டாடினா 5 ஷில்லிங் அபராதம், 1681 வரைக்கும். கறுப்பு டிரஸ் சும்மா, சாதாரண நாள்ல பழுப்பு, சிவப்பு, பச்சை எல்லாம் போட்டாங்க, பீர் குடிச்சாங்க. புருஷன் பொண்டாட்டி அன்ப கடவுள் குடுத்த வரமா பாத்தாங்க, நம்ப முடியலன்னா பிராட்ஸ்ட்ரீட் வீட்டுக்காரருக்கு எழுதின கவிதைங்கள படிங்க.

ஜானதன் எட்வர்ட்ஸ் பியூரிட்டனா? அந்த சிலந்தி பிரசங்கம் ஏன் எல்லா சிலபஸ்லயும் இருக்கு?

காலத்தால கடைசி ஆள், நம்பிக்கைல அவங்க வாரிசு. 1741 ஜூலை 8, என்ஃபீல்டுல 'சின்னர்ஸ் இன் த ஹேண்ட்ஸ் ஆஃப் அன் ஆங்க்ரி காட்'ங்கிற இந்தப் பிரசங்கத்த பேசினார், ஏற்ற காலத்தில் அவர்களுடைய கால் தள்ளாடும்ங்கிற உபாகம வசனம். நெருப்புக்கு மேல சிலந்திய பிடிச்சிருக்கிற மாதிரி கடவுள் உன்ன பிடிச்சிருக்கார்ங்கிறார். கத்திப் பேசுற ஆள் இல்ல, ஜனங்கதான் அலறினாங்க, நடுவுல அமைதியா இருக்கச் சொல்ல வேண்டியதாச்சு. இத மட்டும் படிச்சுட்டு அவர கொடூரமான ஆள்னு நினைச்சுடாதீங்க, 1723லயே சிலந்தி நூல விட்டு காத்துல எப்படி பறக்குதுன்னு மணிக்கணக்கா பாத்து ரசிச்சு ஒரு கடிதமா எழுதினவரும் இவர்தான்.

இவங்களுக்கும் நம்ம ஊருக்கும் ஏதாவது தொடர்பு இருக்கா?

இருக்கு, தெரிஞ்சப்ப நானே ஆச்சரியப்பட்டேன். 1706ல தரங்கம்பாடிக்கு வந்து புதிய ஏற்பாட்ட தமிழ்ல அச்சடிச்ச மிஷனரி சீகன்பால்குவுக்கு பாஸ்டன்லேருந்து காட்டன் மேதர் லத்தீன்ல கடிதம் எழுதியிருக்கார், அங்கேருந்து பதிலும் போயிருக்கு, அத எல்லாம் சேத்து 1721ல பாஸ்டன்ல 'இந்தியா கிறிஸ்டியானா'ன்னு புத்தகமா போட்டார்.

இன்னொண்ணு யேல் யுனிவர்சிட்டி. ஹார்வர்ட்ல பக்தி குறைஞ்சுபோச்சுன்னு கவலைப்பட்ட போதகருங்க 1701ல தொடங்கின காலேஜ் அது. பணம் இல்ல. மேதர் 1718ல எலைஹு யேலுக்கு எழுதினார், அவர் சென்னைல செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு 1687லேருந்து 1692 வரைக்கும் கவர்னரா இருந்து, ஊழல் புகார்ல பதவி போனவர், அவர் காலத்துல இங்கேருந்து ஆளுங்கள அடிமையா கப்பல்ல ஏத்தினாங்க. அவர் குடுத்த 417 புத்தகம், ராஜா படம், 9 மூட்டை சரக்கு, சரக்க வித்ததுல சுமார் 562 பவுண்டு வந்துச்சு, காலேஜுக்கு அவர் பேர வச்சாங்க. எட்வர்ட் டெய்லர்னு ஒரு கிராமத்துப் போதகர் திருவிருந்துக்கு முன்னாடி தன் மனச சோதிச்சுக்க 40 வருஷத்துக்கு மேல கவிதை எழுதி அச்சுல போடாமயே 1729ல செத்துப்போனார், அந்தக் கையெழுத்துப்பிரதி அந்த யேல் லைப்ரரில கிடந்து 1937லதான் வெளிய தெரிஞ்சுது.

எதுலேருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

பிரசங்கத்துல ஆரம்பிக்காதீங்க. முதல்ல பிராட்ஸ்ட்ரீட் வீடு எரிஞ்ச கவிதை, அப்புறம் ரோலண்ட்சன் முழுசா, ஒரே மூச்சுல படிச்சுடலாம். டெய்லரோட 'ஹஸ்விஃபரி' சின்னது, என்ன உன் ராட்டையா ஆக்கி நூல் நூத்து துணி நெய்து எனக்கே போத்திவிடுன்னு கடவுள்கிட்ட கேக்குற கவிதை. பிராட்ஃபோர்ட்ல ஒன்பதாவது அத்தியாயம் போதும். அதுக்கப்புறம் எட்வர்ட்ஸ். பழைய ஸ்பெல்லிங் பயமுறுத்தினா வாய்விட்டு படிங்க, கண்ணுக்கு தெரியாதது காதுக்கு புரிஞ்சுடும், முக்கால்வாசி காதுல கேக்குறதுக்காக எழுதினதுதான்.